டேஷ்போர்டுச் சத்தம்

மன்னிச்சுக்குங்க தம்பி, ஒட்டுக் கேக்கலீங்க. பஸ்ல ஒரே சீட்டுல தோள் இடிச்சுட்டு உக்காந்திருக்கறோம், நீங்க போன்ல பேசுனா நான் காதை எங்கீங்க கொண்டு போயி வெக்கறது? "கார் டேஷ்போர்டுக்குள்ள என்னமோ கடகடங்குது, ஞாயித்துக்கிழமை நானே கழட்டிப் பாத்துக்கறேன்"னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டுட்டு எனக்குச் சும்மா வர முடியல. கழட்டாதீங்க. உங்களால முடியாதுன்னு சொல்லலீங்க. நல்லா முடியும். இவ்வளவு சுலபமாக் கழண்டு வருதேன்னு நீங்களே ஆச்சரியப்படுவீங்க. நானும் பட்டேன். அதுதாங்க வினையே.

வால்பாறைக்குத்தானே? அப்ப நேரம் கெடக்குது, இன்னும் மலையே ஏறல. சொல்றேன், கேளுங்க.

எம் பேரு நஞ்சப்பனுங்க. கோயமுத்தூர் சுந்தராபுரத்துல யோகா சொல்லிக் குடுக்கறேன். காலைல எங்க வீட்டு மாடியில ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ். வெளிச் சத்தத்தை எல்லாம் விட்டுப்போட்டு மனசை உள்ளே திருப்பறது எப்படின்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கற ஆளுங்க நானு. சிரிக்காதீங்க. இன்னும் சிரிக்கற எடமே வரல.

வீட்டுக்காரி பேரு வசந்தாமணி. கணக்கு டீச்சர். அவ வேலை பாக்கற நிர்வாகத்துக்கு அங்கங்க சில ஊர்ல பள்ளிக்கூடம் இருக்குதுங்க. அவளுக்குப் போத்தனூர்ல. பையன் ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான். வீட்டுல நாங்க ரெண்டே பேரு. ரெண்டு பேரு தானே, நாள் முச்சூடும் பேசிட்டே இருப்பாங்கன்னு நினைப்பீங்க. எங்கீங்க? நான் கிளாஸ் முடிச்சு வந்தா அவ டியூசன்ல இருப்பா. அவ டியூசன் முடிச்சு வந்தா நான் தூங்கிப் போயிருப்பேன். காலைல அவளைக் கார்ல பள்ளிக்கூடத்துல கொண்டு போயி உடுவேன் பாருங்க, அந்தக் கொஞ்ச நேரந்தான் எங்களுக்குப் பேச்சு. பழைய வண்டி, ஒருத்தர் வெச்சிருந்து வாங்குனது. ஆனா கம்முனு ஓடும். சாமி மாதிரி வெச்சிருந்தேன்.

முந்தின வருசம் சித்திரையில ஆரம்பிச்சுதுங்க சத்தம்.

டிக். அப்புறம் கொஞ்சம் தூரம் ஒண்ணுமில்ல. டிக்டிக். திரும்ப ஒண்ணுமில்ல. உங்க வண்டியிலயும் அப்படித்தானுங்களா? இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சர்றேன். நல்ல ரோட்டுல வராது, பள்ளத்துல எறங்குனா வரும். சில நாளைக்குப் பள்ளத்துலயும் வராது. அதுதான் என்னைக் கிறுக்குப் புடிக்க வெச்சுது. ஒரேடியா அடிச்சுட்டே இருந்திருந்தா பழகியிருப்பேன். இது என்னோட கண்ணாமூச்சி ஆடுச்சுங்க.

நேரா ஸ்டீபன் கிட்டப் போனேன், எங்க பக்கத்து மெக்கானிக். வண்டியை எடுத்துட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்தான். "சார், வண்டி ஊமை மாதிரி இருக்குது"ன்னான். நான் ஏறுனேன். டிக். திரும்பப் போனேன். திரும்ப ஒரு சுத்து. "சார், சத்தியமா ஒண்ணும் கேக்கல." இப்படியே எத்தனையோ தடவை. கடைசியா ஒரு நாள் எம் மூஞ்சியைப் பரிதாபமாப் பாத்துட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், யோகா கீகா ஏதாச்சும் போயிப் பாருங்களேன், மனசுக்கு நல்லதும்பாங்க"ன்னான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாதுங்க. நானும் சொல்லிக்கல. எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது?

அப்புறம் நானே கண்டுபுடிக்கறதுன்னு எறங்கிட்டேன். கார்ல ஏறுனதும் கண்ணாடியை ஏத்திருவேன். ஏசியை அமத்திருவேன். பாட்டுக் கெடையாது. சித்திரை வெயில்ல ரெண்டு பேரும் வேர்த்து ஊத்தீட்டுப் போவோம். வசந்தாமணி வாயைத் தொறந்தா, "உஷ்" அப்படீம்பேன். கையை இப்படி நிமித்திக் காட்டுவேன், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தற மாதிரி.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்..."

"இரு மணி. மூணாவது கியர்ல வருதா நாலாவதுல வருதான்னு பாத்துட்டு இருக்கறேன்."

"இல்லீங்க, அந்தச் சத்தமே..."

"உஷ். இப்ப வந்துச்சு பாரு. கேட்டியா? உனக்குக் கேக்கல? அதெப்படிக் கேக்காமப் போகும்?"

அவ சன்னல் பக்கம் திரும்பிக்குவா. எனக்கு அது வசதியாப் போச்சு. காதை டேஷ்போர்டுகிட்டக் கொண்டு போயி ஓட்டுவேன். ஒரு தடவை முன்னாடி போன தண்ணி லாரி பின்னாடி தொட்டுப்போட்டேன். பெருசா ஒண்ணுமில்லீங்க, லேசா ஒரு முத்தம் மாதிரி.

ரெண்டு மூணு மாசம் போச்சு. ஒரு நாள் காலைல செருப்பு மாட்டிட்டே, "நான் பஸ்லயே போய்க்கறேனுங்க"ன்னா. ஏன்னு கேட்டேன். "பஸ்ல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்குது"ன்னா. நான் என்ன நினைச்சேன் தெரியுங்களா? பாவம், அவளுக்கும் அந்தச் சத்தம் தாங்கல, வெளிய சொன்னா நான் வருத்தப்படுவேன்னு மறைக்கறான்னு நினைச்சேன். எத்தனை பெரிய மனசு அவளுக்குன்னு நினைச்சு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. இவளுக்காகவாச்சும் அந்தச் சத்தத்தைப் புடிக்காம உடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த முடிவுலயே பல மாசம் ஓடிருச்சுங்க, அதை ஏன் கேக்கறீங்க. போன்ல வீடியோ பாக்கறது. வெள்ளைக்காரன் ஒருத்தன், கை முச்சூடும் பச்சை குத்தியிருக்கான். டேஷ்போர்டு ஓரத்துல விரலை உட்டு ஒரு இழு. டப். சதுரமா ஒரு தகடு கையோட வருது. அடுத்த எடம், டப். பலாச்சுளை உரிக்கற மாதிரி உரிச்சு வெக்கறான். தூங்கப் போறப்பக்கூட காதுல டப்பு டப்புன்னு கேட்டுச்சு. சரியா போன மே மாசம், பள்ளிக்கூட லீவுல, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் எறங்கிட்டேன்.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டி ஒதுக்கி வெச்சேன், ஏர்பேக் இருக்குது, வெடிச்சுரும்னு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான். போர்ட்டிகோவுல யோகா பாய் நாலஞ்சைப் பக்கம் பக்கமா விரிச்சேன். கழட்டறதை வரிசையா அடுக்கலாம்னுதான். கதவு பக்கத்து மூடியில ஆரம்பிச்சேன். அதுக்குன்னு பிளாஸ்டிக்ல நெம்பறது ஒண்ணு விக்கறாங்களாம். எங்கிட்ட ஏது? வசந்தாமணியோட இரும்பு ஸ்கேலை உட்டு நெம்புனேன். கீறிருச்சு. இந்த நீளத்துக்கு. அப்புறம் சமையல்கட்டுல இருந்து மரக்கரண்டி எடுத்துட்டு வந்து, பழைய பனியனைச் சுத்தி நெம்புனேன். டப்!

தம்பி, அந்தச் சத்தத்துல ஒரு சொகம் இருக்குதுங்க. பிராணாயாமம் இத்தனை வருசமாப் பண்றேன், அப்படி ஒரு நிம்மதி வந்ததில்ல. ஏசி காத்து வர்ற சட்டம், டப். ரேடியோவைச் சுத்தி இருக்கற பெரிய சட்டம், நாலு பக்கமும் கிளிப்பு, டப் டப் டப் டப். அதுக்குப் பின்னாடி ஒயர், அதுல அபாய விளக்குப் பொத்தானுக்குப் போற சொருகு. அதைக் கழட்டுனேன். கால்கிட்ட இருக்கற பெட்டி, சுத்தியும் ஸ்க்ரூ. எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போட்டேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா என்னன்னு ஒரு திமிரு.

சாயங்கால கிளாஸுக்கு ஆளுக வந்துட்டாங்க. போர்ட்டிகோவுல பாய் பாயா கருப்புப் பிளாஸ்டிக்கு கெடக்குது, நடுவுல நான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, கார் உள்ள தலையை டேஷ்போர்டுக்கு அடியில உட்டு, ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிப் போட்டு மல்லாந்து கெடக்கறேன். பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆன கமலவேணியம்மா குனிஞ்சு பாத்துட்டு, "மாஸ்டர், இது என்ன ஆசனமுங்க? எங்களுக்கு இன்னும் சொல்லித் தரலையே"ன்னாங்க. கிளாஸே சிரிச்சுது.

உள்ளே என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமில்லீங்க. தூசி. ஒரு காஞ்ச வேப்பிலை. ஆட்டிப் பாக்கறேன், தட்டிப் பாக்கறேன், எதுவும் ஆடல. டிக்குன்னு சொல்றக்கு ஒரு நாதி இல்ல.

அப்ப வசந்தாமணி உள்ள இருந்து வந்தா. கையில பெட்டி. அலமாரி மேல தூசி படிஞ்சு கெடக்குமே, அந்தப் பெரிய பெட்டி. தொடைக்கறதுக்குத் துணி தேடிட்டு வந்திருக்கா. பனியன் எங்கீங்கன்னு கேட்டா. நான் மரக்கரண்டியைக் காட்டுனேன்.

"பெட்டி எதுக்கு?"

"திங்கக்கிழமை வால்பாறையில சேரோணுமுங்க. அங்க எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸாப் போட்டிருக்காங்க. தங்கறக்கு வீடு அவங்களே தர்றாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"போன மாசம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

அவ கார் உள்ள பாத்தா. டேஷ்போர்டு இருந்த எடத்துல இரும்புக் கம்பியும் ஒயரும் பல்லை இளிச்சுட்டு இருந்துச்சு. என்னைப் பாத்தா. பாயில கெடந்த ஒரு பிளாஸ்டிக்கைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி, கொடியில கெடந்த இன்னொரு துணியை எடுத்துட்டு உள்ளே போயிட்டா.

எனக்குக் கோவந்தானுங்க வந்துச்சு. கட்டுன புருசன் கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலையே. அந்தக் கோவத்தோடயே ராத்திரி படுத்தேன். ஆனா எந்திரிச்சதும் ஒரே நினைப்புத்தான்: அவளை பஸ்ல பெட்டியோட அனுப்பறதில்ல. நம்ம வண்டியிலதான் கொண்டு போயி உடறது.

ஞாயித்துக்கிழமை முச்சூடும் மாட்டுனேன். கழட்டறப்ப டப்புன்னு வந்தது, மாட்டறப்ப அந்த டப்பு வராது தம்பி. அழுத்தறேன், ஒரு பக்கம் உக்காருது, மறுபக்கம் எந்திரிக்குது. மறுபக்கத்தை அழுத்துனா இந்தப் பக்கம் வாயைப் பொளக்குது. கிளிப்பு ரெண்டு ஒடிஞ்சு போச்சு. நெட்டை ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில முறுக்கி ஓட்டையே போச்சு. பாத்திரம் விளக்கற ஸ்பாஞ்சை வெட்டி வெட்டி உள்ள திணிச்சேன், இனி எது ஆடுனாலும் சத்தம் வராதுன்னு. பெரிய சட்டத்தை மாட்டி முடிச்சு, பேட்டரியைக் குடுத்தேன். அபாய விளக்கு தானா எரிய ஆரம்பிச்சுருச்சு. நாலு மூலையிலயும் பளிச் பளிச். பொத்தானை அமுத்துனா அமுங்குது, விளக்கு நிக்க மாட்டேங்குது. திரும்பக் கழட்டறக்குத் தெம்பு இல்லீங்க.

திங்கக்கிழமை காலைல கெளம்பினோம். முன்னும் பின்னும் விளக்கு மின்ன மின்ன. பொள்ளாச்சி ரோட்டுல எதிர்ல வர்றவன் பூராவும் ஒதுங்கி வழி உடறான், ஏதோ பெரிய ஆள் போறாருன்னு நினைச்சானோ, சாவு வண்டின்னு நினைச்சானோ. ஆழியாறு செக்போஸ்ட்டுல நிறுத்துனாங்க. "என்னங்க சார், ஏதாச்சும் அவசரமா?"ன்னு அந்த ஆள் குனிஞ்சு கேட்டாரு.

நான் பதில் சொல்றக்குள்ள வசந்தாமணி சொன்னா: "ஆமாங்க, ஒரு வருசமா."

மலை ஏற ஆரம்பிச்சோம். முதல் கொண்டை ஊசி வளைவுலயே அவ கால்கிட்ட இருந்த பெட்டி டபார்னு தொறந்து முட்டியில அடிச்சுது. மூடுனா. அடுத்த வளைவுல திரும்பத் தொறந்துச்சு. முட்டியை வெச்சு முட்டுக் குடுத்து உக்காந்துட்டா. நாலஞ்சு வளைவு தாண்டறப்ப ரேடியோவைச் சுத்துன பெரிய சட்டம் முழுசா எந்திரிச்சு அவ மடியில வந்து விழுந்துச்சு, ஒயரோட. திட்டப் போறான்னு நான் ரோட்டையே பாத்துட்டு இருக்கேன். அவ அதைக் குழந்தையை வெச்சுக்கற மாதிரி புடிச்சுட்டு, சிரிக்க ஆரம்பிச்சுட்டா. கண்ணுல தண்ணி வர்ற மாதிரிச் சிரிப்பு. அவ அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு நினைச்சுப் பாக்கறேன், வெளங்கல.

சிரிச்சுட்டே இருக்கா, அப்ப வந்துச்சுங்க.

டிக். டிக்டிக்.

எனக்கு உசுரே போச்சு. அத்தனையும் கழட்டி, அத்தனையும் மாட்டி, அதே டிக். நான் வழக்கம்போல, "உஷ்..."னு கையைத் தூக்குனேன்.

அவ சிரிப்பை நிறுத்துனா. ஒரு கையில சட்டத்தைப் புடிச்சுட்டு, இன்னொரு கையைக் கியருக்கு முன்னாடி இருக்கற குழியில உட்டு, என்னோட செம்புத் தண்ணி பாட்டிலைத் தூக்குனா. செம்புல வெச்ச தண்ணிதான் குடிக்கோணும்னு கிளாஸ்ல சொல்லிச் சொல்லி, எங்க போனாலும் கையோட கொண்டு போற பாட்டிலு. மூடி மேல ஒரு வளையம் இருக்கும். அதை விரல்ல சுண்டிக் காட்டுனா. டிக்.

நான் எறங்கறப்ப அதையும் எடுத்துட்டு எறங்கிருவேன். ஸ்டீபன் ஓட்டறப்ப சத்தம் எங்கிருந்து வரும்?

"உனக்கு எப்பத் தெரியும்?"ன்னேன்.

"மொதல் வாரமே தெரியும். சொல்ல வந்தேன். சொல்ல உட்டீங்களா?"

வண்டி பாட்டுக்கு ஏறிட்டு இருக்குது. சத்தம் சுத்தமா நின்னு போச்சு. அந்த அமைதியில நான் கேட்டேன் பாருங்க, கேட்டிருக்கக் கூடாதோ என்னமோ: "வேற என்னெல்லாம் சொல்ல வந்த?"

"கெணத்துக்கடவு"ன்னா.

"கெணத்துக்கடவுல என்ன?"

"போன வருசமே ஹெட்மிஸ்ட்ரஸாப் போறீங்களான்னு கேட்டாங்க. கெணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு, கார்ல வெச்சுக் கேட்டேன். போகட்டுமாங்கன்னு கேட்டேன். நீங்க கையைத் தூக்கி இப்படிக் காட்டுனீங்க. வேண்டாம்னு. சரி, உங்களுக்குப் புடிக்கல, காலைல கிளாஸ் கெட்டுப் போகும்னு நினைக்கறீங்கன்னு, முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அப்புறம் அழுதேன். இந்த வருசம் உங்களைக் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

தம்பி, நான் வேண்டாம்னு சொல்லலீங்க. சத்தியமா எனக்குக் காதுலயே விழல. எந்த டிக்குக்குக் கையைத் தூக்குனேனோ. அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். வாயைத் தொறந்தா 'உஷ்'னு வந்துருமோன்னு பயந்து மூடிக்கிட்டேன். வேண்டாம்னு சொன்னதைவிடக் கேக்கவே இல்லைங்கறது நல்லதா கெட்டதான்னும் எனக்குத் தெரியல.

அதுக்கப்புறம் வளைவு பூராவும் அவதான் பேசுனா. சத்தமாப் பேசுனா. பையன் கல்யாணத்தைப் பத்தி, அவளோட முழங்கால் வலியைப் பத்தி, பஸ்ல பழக்கமான ஒரு நர்ஸம்மாவைப் பத்தி. மடியில சட்டம், முட்டியில பெட்டி, கையில பாட்டிலு. வீட்டுக்காரியைப் பத்தி ஒரு ஊர்ச் செய்தியே கேட்ட மாதிரி இருந்துச்சு. அவளுக்கு முழங்கால் வலின்னு எனக்கு அப்பத்தான் தெரியும். நான் யோகா மாஸ்டர். முழங்கால் வலிக்குன்னே தனியா கிளாஸ் எடுக்கற ஆளு. இப்பச் சிரிக்கலாமுங்க.

பள்ளிக்கூடம் தேயிலைக்கு நடுவுல, தகரக் கூரை. பெட்டியை எறக்கி வெச்சேன். ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போறேன்னேன். வேண்டாம்னுட்டா. "கிளாஸ் இருக்குதுல்ல, போங்க. வர்ற சனிக்கிழமை வாங்க. காரை உட்டுட்டு பஸ்ல வாங்க."

"ஏன், மலைப்பாதைன்னு பயமா?"

"பஸ்ல வந்தா காது களைப்பில்லாம வந்து சேரும்."

அதுல இருந்து சனிக்கிழமை தவறாம வர்றேனுங்க. சாயங்காலம் தேயிலை ரோட்டுல மெதுவா நடப்போம், அவ முழங்காலுக்குத் தக்கன. அவ பேசுவா. கூரை ஒழுகுதுன்னு நிர்வாகத்தோட மல்லுக்கட்டி மழைக்கு முன்னாடியே மாத்திட்டா. எஸ்டேட் ஜனங்க பெரிய டீச்சர் பெரிய டீச்சர்னு வந்து நிக்குது. சுந்தராபுரத்துல குனிஞ்சு பேப்பர் திருத்திட்டு இருந்தவதானா இதுன்னு இருக்கும். நிமிந்து நடக்கறா.

இந்த வாரம் நடுவுல போன் பண்ணா. கெணத்துக்கடவுல அந்த எடம் திரும்பக் காலியாகுதாம். வர்ற வருசத்துக்கு வர்றீங்களான்னு நிர்வாகத்துல கேட்டிருக்காங்க. எனக்கு 'வந்துரு மணி'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவ முந்திக்கிட்டா. "இப்ப நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் யோசிச்சுட்டு இருக்கறேன். சனிக்கிழமை நேர்ல வாங்க, என்ன முடிவுன்னு சொல்றேன்"ன்னு வெச்சுட்டா.

வருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியலீங்க. வந்தா வீடு வீடா இருக்கும். ஆனா அவ அங்க நல்லா இருக்கறா, அதையும் நான் கண்ணால பாத்துட்டேன். எது சொன்னாலும் முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வாயைத் தொறக்கறதுன்னு பஸ் ஏறறப்பவே மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் ஏறுனேன்.

இன்னைக்குச் சனிக்கிழமைங்க.